கார்த்தூமை விட்டுப் போன லட்சக்கணக்கானோர் எங்கே? அவர்களை எண்ணியது யார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “சூடான் போரில் தலைநகர் கார்த்தூமிலிருந்து மட்டும் 35 லட்சம் பேருக்கு மேல் வெளியேறியதாகப் படித்தேன். இத்தனை பேரைக் கொள்ளும் முகாம் ஒன்றைக்கூட எந்தப் படத்திலும் காணோம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? குண்டு விழுகிற ஊரில் யார் போய் எண்ணியது?” கேள்வி மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடியில் ஒரு சந்தேகம் ஓடுகிறது: நிதி வாங்குவதற்காக யாரோ ஊதிப் பெருக்கிய எண்ணோ என்று. நியாயமான சந்தேகம்தான். இடம்பெயர்ந்தோர் பதிவேடுகளோடும் கணக்கெடுப்போடும் நெடுநாள் புழங்கியவன் என்ற அளவில் என் பதில்: அந்த எண்ணை நிலைமையின் அளவைக் காட்டும் மதிப்பீடாக நம்பலாம், ஒவ்வொரு தலையாக எண்ணி எடுத்த கணக்கு என்று நினைக்கக் கூடாது. முகாம் கண்ணில் படாததற்குக் காரணம் எளிது. கார்த்தூம்காரர்களில் பெரும்பாலோர் முகாமுக்குப் போகவில்லை, வீடுகளுக்குள் போனார்கள்.

முதலில் இந்தப் போர் தொடங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 15, ரமலானின் கடைசிப் பத்து நாட்கள். அல் புர்ஹான் தலைமையிலான ராணுவத்துக்கும், ஹெமெத்தி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் தகலோவின் துணை ராணுவமான ஆர்.எஸ்.எஃப்-க்கும் இடையே சண்டை தலைநகரின் நடுவிலேயே வெடித்தது. வழக்கமாகப் போர்முனை எங்கோ இருக்கும், அது நெருங்க நெருங்க மக்கள் மூட்டை கட்டுவார்கள். இங்கே ராணுவத் தலைமையகம், விமான நிலையம், ஜனாதிபதி மாளிகை எல்லாம் ஊரின் வயிற்றுப் பகுதியில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஆர்.எஸ்.எஃப் ஆட்கள் குடியிருப்புகளுக்குள் புகுந்தார்கள். ராணுவம் வானிலிருந்தும் பீரங்கியாலும் அடித்தது. மேலும், நாம் கார்த்தூம் என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று நகரங்கள்: கார்த்தூம், ஒம்துர்மான், பஹ்ரி. நீல நைலும் வெள்ளை நைலும் சேருமிடத்தில் ஆறுகள் பிரித்து, பாலங்கள் இணைத்த ஊர். எந்தப் பாலம் யார் கையில் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பம் எந்தப் பக்கமாக வெளியேற முடியும் என்பது முடிவானது. ஒம்துர்மானையும் பஹ்ரியையும் இணைத்த ஷம்பாத் பாலம் 2023 நவம்பரில் உடைந்தே போனது.

ஆனாலும் சண்டை வெடித்த அன்றே எல்லோரும் ஓடிவிடவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. நகரத்துக் குடும்பம் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் இல்லாத அறையிலோ படிக்கட்டின் அடியிலோ உட்கார்ந்து, ‘இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்’ என்று காத்திருக்கும். கிளப்பி விடுவது பல நேரங்களில் குண்டு இல்லை, தண்ணீர். பஹ்ரியின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சண்டைப் பகுதிக்குள் மாட்டிக்கொண்டு முதல் நாட்களிலேயே நின்றது. லட்சக்கணக்கானோருக்குக் குழாயில் நீர் இல்லை. மின்சாரம் போனால் மாடித் தொட்டிக்கு மோட்டார் ஏறாது, போனில் சார்ஜ் இருக்காது, சர்க்கரை நோயாளியின் இன்சுலின் கெட்டுவிடும். ஆற்றுக்குப் போய்க் குடம் நிரப்பி வருவது சுடப்படும் அபாயம். அதோடு மருத்துவமனைகள். சண்டைப் பகுதிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை செயல்படாமல் போயின. டயாலிசிஸ் தேவைப்படுகிற ஒருவர் இருக்கும் வீட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடியாது. பிறகு வந்தது கொள்ளை: கார், நகை, கடைசியில் வீட்டையே கேட்டார்கள். ஆக, ஒவ்வொரு வீடும் தனக்கான எல்லையைத் தொட்ட நாளில் கிளம்பியது. அதனால்தான் வெளியேற்றம் ஒரே அலையாக இல்லாமல் மாதக் கணக்கில் கசிந்துகொண்டே இருந்தது.

கிளம்புவதற்கு வேண்டியவை மூன்று: வண்டி, பணம், போய்ச் சேர ஓர் இடம். டீசலும் பெட்ரோலும் கள்ளச்சந்தைக்குப் போய், பஸ் கட்டணம் பல மடங்கு ஏறியது. வங்கிக் கிளைகள் மூடிக்கிடந்தன. பேங்க் ஆஃப் கார்த்தூமின் ‘பங்கக்’ என்ற ஆப் இருந்ததால்தான் பலருக்குக் கையில் காசு புரண்டது. வெளிநாட்டிலுள்ள உறவினர் யாருக்கோ கொடுப்பார், அவர் இங்கே பங்கக்கில் போட்டுவிடுவார். இணையம் போனால் அதுவும் இல்லை. 2024 பிப்ரவரி தொடக்கத்தில் நாடு முழுக்க இணையம் அறுந்தபோது, கூட்டுச் சமையற்கூடங்கள் பருப்பு வாங்கப் பணமில்லாமல் அடுப்பை அணைத்தன. பிறகு ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத் தட்டு வைத்திருந்தவரிடம் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து, அவர் கடை வாசலில் உட்கார்ந்து பணம் பெறுவது வழக்கமாயிற்று. ஆப்பில் வந்ததை நோட்டாக மாற்றித் தருபவர் கணிசமான கழிவு எடுத்துக்கொள்வார். வழியில் சோதனைச்சாவடிகள், போனைத் திறக்கச் சொல்லிப் படங்களையும் செய்திகளையும் பார்ப்பார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். எனவே போனைத் துடைத்துவிட்டு, பணத்தைப் பலர் உடலில் பிரித்து வைத்து, இளைஞர்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் பெண்கள், முதியோருடன் கலந்து உட்காரவைத்துப் போனார்கள்.

போன திசைகளைப் பார்த்தாலே அவர்கள் எங்கே மறைந்தார்கள் என்பது தெரியும். நீல நைலை ஒட்டித் தென்கிழக்கே வாத் மதனி, சென்னார். வெள்ளை நைலை ஒட்டித் தெற்கே கோஸ்தி, ரபக். நைல் வழியே வடக்கே ஷெண்டி, அத்பரா, அதற்கும் அப்பால் டொங்கோலா, வாதி ஹல்ஃபா. கிழக்கே கெடாரிஃப், கஸ்ஸலா, செங்கடலோரம் போர்ட் சூடான். கார்த்தூம்வாசிகளில் மிகப் பலருக்குத் தாத்தா ஊர் என்று ஒன்று இந்த வழிகளில் ஏதோ ஒன்றில் உண்டு. பெருநாளுக்குப் போய்வரும் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பான ஐ.ஓ.எம் போரின் முதல் ஆண்டில் வெளியிட்ட கணக்குகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி யாரோ ஒருவரின் வீட்டில்தான் இருந்தார்கள். ஐந்து பேர் இருந்த வீட்டில் இருபது பேர். தெருவில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. கழிவறைக் குழி மாதத்துக்கு ஒருமுறை நிரம்புவதும், ஒரு வருடத்துக்கு வைத்திருந்த சோளம் நாலு மாதத்தில் காலியாவதும்தான் உள்ளே நடந்தது.

அடைக்கலம் கொடுத்த வீட்டுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. பொதுவாக முதல் சில மாதங்களில் விருந்தாளி, பிறகு செலவில் பங்கு கேட்கத் தயக்கம், பிறகு கேட்கிறார்கள். அரசு ஊழியருக்குச் சம்பளம் மாதக் கணக்கில் வரவில்லை, தனியார் நிறுவனம் கார்த்தூமிலேயே எரிந்துபோனது. அடுத்த கட்டம் வாடகை வீடு. போர்ட் சூடானிலும் மதனியிலும் வாடகை சாதாரணச் சம்பளக்காரர் தொட முடியாத உயரத்துக்குப் போனது. அதுவும் முடியாதபோதுதான் பள்ளிக்கூடம், விடுதி, அரைகுறைக் கட்டடம், கடைசியாகக் கூடாரம். இடப்பெயர்வின் இந்தப் படியிறக்கம் எண்ணிக்கையில் தெரியாது, ஏனென்றால் ஆள் அதே ஊரில்தான் இருக்கிறார். ஆனால் நிவாரணத் திட்டம் போடுகிறவருக்கு அந்த ஊரில் எத்தனை பேர் என்பதைவிட எந்தப் படியில் எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். என் பார்வையில் கார்த்தூம் விஷயத்தில் மிகத் தாமதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான்.

பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு வகுப்பறையில் மூன்று நான்கு குடும்பங்கள், நடுவே கயிறு கட்டிப் போர்வையோ சேலைத் துணியோ தொங்கும். பெஞ்சுகள் சுவரோரம் அடுக்கப்பட்டு, விறகு கிடைக்காத வாரங்களில் ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போகும். கழிவறைகள் பகலில் சில மணி நேரம் பிள்ளைகள் பயன்படுத்துவதற்குக் கட்டியவை. நெருக்கடிக் காலத்து நடைமுறை அளவு, தொடக்கத்தில் ஐம்பது பேருக்கு ஒன்று, நிலைமை சீரானதும் இருபது பேருக்கு ஒன்று. பல பள்ளிகளில் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இரவில் விளக்கில்லாத கழிவறைக்குப் பெண்கள் போகத் தயங்கி, மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று வரிசையாக வரும். பிறகு ஒரு நாள் கல்வித் துறை பள்ளியைத் திறக்க வேண்டும் என்று சொல்லும். உள்ளூர்ப் பெற்றோரும் நியாயமாகவே அதைத்தான் கேட்பார்கள். 2024-ல் நைல் நதி மாநிலம் போன்ற இடங்களில் இப்படிப் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. மாற்றிடத்தில் தண்ணீரும் கழிவறையும் தயாராகும் முன் காலிசெய்ய வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை: குடும்பங்கள் சிதறும், பட்டியலிலிருந்து நழுவும்.

இனி எண்ணும் முறை. சூடானில் இந்த வேலையைச் செய்வது முக்கியமாக ஐ.ஓ.எம்-மின் ‘இடப்பெயர்வுக் கண்காணிப்பு அணி’ (Displacement Tracking Matrix). டி.டி.எம் என்று சுருக்கிச் சொல்வார்கள். வீடு வீடாக அவர்கள் போவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் விவரம் தெரிந்தவர்களை வைத்திருக்கிறார்கள்: பேட்டைக் குழுத் தலைவர், பள்ளிவாசல் இமாம், சுகாதார நிலைய ஊழியர், அங்காடிக்காரர், தலைமையாசிரியர், உள்ளூர் அரசு அலுவலர். கள ஊழியர் இவர்களில் சிலரிடம் தனித்தனியாகக் கேட்பார்: புதிதாக எத்தனை குடும்பம் வந்திருக்கிறது, எங்கிருந்து, எந்த மாதம், எந்த மாதிரி இடத்தில் தங்கியிருக்கிறார்கள், யாராவது போய்விட்டார்களா. பதில்கள் ஒத்துவந்தால் எழுதிக்கொள்வார், பெரிய வித்தியாசம் இருந்தால் இன்னொருவரைக் கேட்பார், முடிந்தால் கண்ணால் பார்த்து வருவார். சண்டை காரணமாகப் போக முடியாத இடங்களில் எல்லாம் தொலைபேசியில். குடும்பக் கணக்கை ஆள் கணக்காக மாற்றும்போது குடும்பத்துக்கு ஏறக்குறைய ஐந்து பேர் என்று வருகிறது. 18 மாநிலங்களிலிருந்தும் இப்படித் திரட்டிச் சேர்த்ததுதான் செய்தியில் வரும் எண். கவனியுங்கள், எண்ணுவது கார்த்தூமில் நடக்கவில்லை. போய்ச் சேர்ந்த ஊர்களில் நடக்கிறது. “குண்டு விழுகிற ஊரில் யார் எண்ணியது” என்ற கேள்விக்கு இதுவே விடை.

இந்த முறையில் எங்கெங்கே பிசகும் என்பதையும் சொல்ல வேண்டும். எண் கூடுதலாகப் போகும் வழிகள்: ஒரே குடும்பம் பாதி ஷெண்டியிலும் பாதி கஸ்ஸலாவிலும் இருந்து, இரண்டிலும் முழுக் குடும்பமாகப் பதிவாவது, ஒரு குடும்பம் மதனியிலிருந்து கெடாரிஃபுக்குப் போன பிறகும் மதனிக்காரர் பழைய கணக்கிலிருந்து கழிக்க மறந்துவிடுவது, உதவி வரும் என்று தெரிந்தால் உள்ளூர்த் தலைவர் கொஞ்சம் தாராளமாகச் சொல்வது. குறைவாகப் போகும் வழிகளும் உண்டு. வசதியான குடும்பம் வாடகை வீட்டுக்குள் போய்விட்டால் பேட்டைத் தலைவருக்கே அவர்கள் யாரென்று தெரியாது. தனியாகத் தங்கும் இளைஞர்கள், ஒரு தரப்பின் ஆளென்று சந்தேகிக்கப்படுவோம் என்று பயந்து எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லாதவர்கள், போன் சிக்னல் இல்லாத கிராமங்கள் எல்லாம் விடுபடும். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் மாதா மாதம் அதே ஆட்களிடம் அதே கேள்வியைக் கேட்பதால், ஏறுகிறதா இறங்குகிறதா, எந்த மாநிலத்தில் என்பதை இந்த முறை நன்றாகவே காட்டுகிறது. ‘37 லட்சமா 34 லட்சமா’ என்று சண்டை போட வேண்டாம். ‘முப்பது லட்சத்துக்கு மேலா ஐந்து லட்சமா’ என்ற கேள்விக்கு இது உறுதியான பதில்.

விழுக்காடு பார்ப்பவர்கள் இன்னொரு சிக்கலில் மாட்டுவார்கள். கார்த்தூமின் மக்கள்தொகை என்ன? கடைசியாக முறையாக எடுத்த கணக்கு 2008-ல். அப்போது கார்த்தூம் மாநிலத்தில் 52 லட்சத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு வந்தவை எல்லாம் மதிப்பீடுகள், அவை தமக்குள்ளேயே லட்சக்கணக்கில் மாறுபடும். வகுக்கும் எண் ஆடும்போது ‘நகரத்தில் இத்தனை சதவீதம் காலி’ என்ற வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

அறிக்கைகளைப் படிக்கும்போது குழப்பம் அதிகம் வருவது வேறோர் இடத்தில். ஒரு நாளில் வீட்டை விட்டு வெளியே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. ஓர் ஆண்டில் எத்தனை முறை மக்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பது இன்னொரு கணக்கு. அதில் ஒரே ஆள் மூன்று முறை ஓடினால் மூன்று. ஜெனீவாவிலுள்ள உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் இரண்டையும் வெளியிடுகிறது: 2023-ல் மோதலால் சூடானுக்குள் நடந்த இடப்பெயர்வுகள் 60 லட்சம், அந்த ஆண்டு முடிவில் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்கள் 91 லட்சம். இரண்டாவது பெரிதாக இருப்பதற்குக் காரணம், மேற்கிலுள்ள டார்ஃபூர் போன்ற இடங்களில் போருக்கு முன்பே பல ஆண்டுகளாக இடம்பெயர்ந்து கிடந்தவர்களும் அதில் சேர்ந்திருப்பது. 2025 தொடக்கத்தில் உச்சமாக 1 கோடியே 15 லட்சம் அளவுக்குப் போனபோது, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கார்த்தூம் மாநிலத்தவர். நீங்கள் படித்த 35 லட்சத்துக்கு மேல் என்பது இங்கிருந்து வருவது.

ஒரே ஆள் பலமுறை ஓடுவது எப்படி என்பதற்கு மதனியே போதும். கார்த்தூமிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருப்பதால் அது முதல் அடைக்கலம். தொண்டு நிறுவனங்கள், மருந்துக் கிடங்குகள், சிறுநீரகச் சிகிச்சை எல்லாம் அங்கே நகர்ந்தன. மதனியைத் தலைநகராகக் கொண்ட ஜஸீரா மாநிலம் முழுவதும் ஐந்து லட்சம் அளவில் இடம்பெயர்ந்தோர் இருந்தார்கள். 2023 டிசம்பர் 18-ல் மதனி ஆர்.எஸ்.எஃப் கையில் விழுந்தது. முதல் சில நாட்களிலேயே குறைந்தது மூன்று லட்சம் பேர் கிளம்பினார்கள். அவர்களில் மதனியைச் சொந்த ஊராகக் கொண்டவர்களும் உண்டு, கார்த்தூமிலிருந்து வந்து எட்டு மாதம் ஆனவர்களும் உண்டு. அடைக்கலம் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே டிராக்டர் டிரெய்லரில் சென்னார் பக்கம் போனார்கள். 2024 ஜூன் கடைசியில் சென்னார் மாநிலத் தலைநகர் சிஞ்சாவும் விழ, மறுபடி கெடாரிஃபுக்கும் கஸ்ஸலாவுக்கும். கார்த்தூமின் மைகோமா அநாதை இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மின்சாரமும் ஆட்களும் இல்லாமல் டஜன் கணக்கில் குழந்தைகள் இறந்த பிறகு, 2023 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கம் 280 குழந்தைகளையும் 70 பராமரிப்பாளர்களையும் மதனிக்குக் கொண்டுபோனது. டிசம்பரில் அவர்களை மறுபடியும் அங்கிருந்து கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தாவலிலும் பாத்திரம், படுக்கை, சேமிப்பு, தெரிந்தவர்கள் எல்லாம் ஒரு பங்கு குறையும். முதல்முறை காரில் வந்தவர் இரண்டாம் முறை பஸ்ஸில், மூன்றாம் முறை நடந்து.

“ஏன் வெளிநாட்டுக்குப் போய்விடவில்லை?” என்று உடனே கேட்பார்கள். போனவர்கள் உண்டு, 40 லட்சத்துக்கும் மேல் எல்லை கடந்தார்கள். எல்லையைக் கடந்தால்தான் சட்டப்படி அகதி. கடக்காதவருக்குத் தனி சர்வதேச ஒப்பந்தப் பாதுகாப்பு அந்த அளவுக்கு இல்லை, பொறுப்பு அவருடைய சொந்த அரசின் தலையில். 1998-ல் ஐ.நா-வில் முன்வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு வழிகாட்டு நெறிகளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் டெங், சூடானின் அபியேயில் பிறந்தவர் என்பது கசப்பான தற்செயல். எல்லை கடக்காததற்கான நடைமுறைக் காரணங்கள் வேறு. பாஸ்போர்ட் இல்லை, அல்லது விசாவுக்காகத் தூதரகத்தில் கொடுத்திருந்தார்கள். தூதரகம் ஊரைக் காலிசெய்தபோது சில இடங்களில் அந்தப் பாஸ்போர்ட்டுகளை அழித்துவிட்டே போனார்கள். எகிப்து முதலில் பெண்களையும் 16 வயதுக்குட்பட்டவர்களையும் 50 தாண்டிய ஆண்களையும் விசா இல்லாமல் விட்டது. 2023 ஜூனில் எல்லோருக்கும் விசா கட்டாயம் என்றானது. அப்படியே வாதி ஹல்ஃபாவில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள் அங்கேயே இடம்பெயர்ந்தோராகிப் போனார்கள். கார்த்தூமில் இருந்த எத்தியோப்பிய, எரித்ரிய அகதிகளும் தென் சூடானியரும் தனிக் கணக்கு. எல்லையை ஒட்டிய ரெங்க் நகரம் வழியே தம் நாட்டுக்குள் போன தென் சூடானியர் தம் நாட்டுக் கணக்கில் ‘திரும்பி வந்தோர்’ ஆகிவிடுவதால், கார்த்தூமை விட்டுப் போனவர்கள் என்ற படத்திலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடுகிறார்கள்.

எந்தக் கணக்கிலும் வராதவர்கள் கிளம்பாதவர்கள். தெற்குக் கார்த்தூமின் மாயோ போன்ற பேட்டைகளில் இருந்தவர்களில் பலர் 1980-களிலிருந்தே தெற்கிலிருந்தும் நூபா மலைகளிலிருந்தும் டார்ஃபூரிலிருந்தும் போருக்குத் தப்பித் தலைநகருக்கு வந்த குடும்பங்கள். கார்த்தூம் என்பதே பாதி இடம்பெயர்ந்தோரால் வளர்ந்த ஊர். பஸ்ஸுக்குக் காசில்லை, போக ஊரில்லை, போனால் சோதனைச்சாவடியில் இனத்தைக் கேட்பார்கள். இவர்களுக்குச் சோறு போட்டது பேட்டை இளைஞர்கள் நடத்திய ‘அவசர உதவி அறைகள்’. 2018-19 புரட்சிக் காலத்து எதிர்ப்புக் குழுக்களின் வேரிலிருந்து வந்தவை. பள்ளிவாசல் முற்றத்திலோ தெருமுனையிலோ பெரிய அண்டாவில் சோளக் களியோ ஃபூல் எனப்படும் பெருங்கொட்டை அவரையோ வேகும், ஒரு வீட்டுக்கு ஒரு சட்டி. 2025-ல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இவர்களுக்குக் கிடைத்தது. வெளியேறியோர் எண்ணை மட்டும் பார்த்து நிவாரணத்தைப் பிரித்தால் இவர்களுக்கு ஒன்றும் வராது. ‘போகவில்லை என்றால் பாதுகாப்பாக இருக்கிறார்கள்’ என்ற ஊகம் இந்தத் துறையின் மிகப் பழைய தவறு.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். டி.டி.எம் கணக்கில் நீங்கள் ஓர் எண்ணாக இருப்பதால் உங்களுக்கு மூட்டை அரிசி வராது. உதவிக்கான பதிவு தனி: உலக உணவுத் திட்டமோ வேறு அமைப்போ குடும்பத் தலைவர் பெயர், தேசிய அடையாள எண், போன் எண், உறுப்பினர் விவரம் வாங்கிப் பட்டியல் போடும். கார்த்தூமை விட்டு ஓடியவரின் காகிதங்கள் எரிந்திருக்கும், சிம் கார்டு மாறியிருக்கும், குடும்பத் தலைவர் இன்னும் கார்த்தூமில் இருப்பார். மனைவி பெயரில் பதியலாமா என்று உள்ளூர்க் குழு இழுத்தடிக்கும். வேறு மாநிலத்துக்கு மாறினால் பழைய பதிவை மூடாமல் புதியது திறக்காது என்பார்கள். 2024 டிசம்பரில் ராணுவத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய 500, 1000 பவுண்டு நோட்டுகளுக்குப் பதில் புதியவை வந்தபோது, வங்கிக் கணக்கு இல்லாமல் நோட்டாகச் சேமித்து வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே உதவியும் அந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால், இரண்டும் வெவ்வேறு புத்தகங்கள் என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக, திரும்பிப் போகிறவர்கள். 2025 மார்ச்சில் ராணுவம் மாளிகையையும் விமான நிலையத்தையும் மீட்டது. மே மாதம் கார்த்தூம் மாநிலம் முழுதும் தன் கையில் என்று அறிவித்தது. எகிப்திலிருந்து திரும்புவோருக்குக் கெய்ரோவிலிருந்து அஸ்வானுக்கு இலவச ரயில்கள் ஓடின. 2025 கடைசிக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கார்த்தூம் மாநிலத்துக்குத் திரும்பியதாக ஐ.ஓ.எம் சொன்னது. நாடு முழுவதற்குமான எண்ணும் ஒரு கோடிக்குக் கீழே இறங்கியது. அதே நேரத்தில் டார்ஃபூரில் எல் ஃபாஷரைச் சுற்றி லட்சக்கணக்கில் புதிதாக ஓடினார்கள் என்பதால், இறங்கும் எண்ணை மட்டும் பார்த்துப் போர் அடங்குகிறது என்று முடிவு கட்டக் கூடாது. திரும்புவது பெரும்பாலும் படிப்படியாக நடக்கும். முதலில் குடும்பத்திலிருந்து ஓர் ஆண் போய் வீடு நிற்கிறதா, யாராவது குடியிருக்கிறார்களா, கிணறோ குழாயோ இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுப் போட்டு வருவார். உள்ளூர்க்காரர் அதை ‘ஒரு குடும்பம் வந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டால் ஐந்து பேர் திரும்பியதாகக் கணக்கில் ஏறும், நான்கு பேர் இன்னும் அத்பராவில் இருப்பார்கள்.

வீடு நின்றாலும் மின்கம்பியைச் செம்புக்காக உருவியிருப்பார்கள், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை வடித்துக் காலியாக விட்டிருப்பார்கள். 2025 மே மாதம் மின் நிலையங்கள் மீது ட்ரோன் தாக்குதல் நடந்து நீரேற்றம் நின்றதும் கார்த்தூமில் காலரா வேகமாகப் பரவியது, திரும்பியவர்களையும் சேர்த்து. முற்றத்தில் அவசரத்துக்குப் புதைத்த உடல்கள், கூரையிலும் குப்பையிலும் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகள். திரும்புகிறவர்களுக்குச் சொல்லப்படும் நடைமுறை எளியது: வாசலில் கம்பி, புதிதாகக் கிளறிய மண், தெரியாத உலோகம் எதையும் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், எரிக்காதீர்கள், குப்பையைக் கூட்டித் தீ வைப்பதிலும் விபத்து நேரலாம், குறியிட்டுவிட்டுத் தெரிவியுங்கள். ஊருக்குள் கால் வைத்த அன்றே ஒருவர் இடம்பெயர்ந்தோர் இல்லை என்றாகிவிடாது. 2010-ல் ஐ.நா அமைப்புகளும் பிறவும் ஒப்புக்கொண்ட நிலையான தீர்வுக்கான வரையறை, பாதுகாப்பு, வருமானம், வீட்டையும் நிலத்தையும் திரும்பப் பெறுவது, ஆவணங்கள் போன்றவற்றைக் கேட்கிறது. திரும்புவது, இருக்கும் ஊரிலேயே நிலைப்பது, மூன்றாவது ஊரில் குடியேறுவது ஆகிய மூன்றையும் சமமாக வைக்கிறது. எனவே அடுத்த முறை ‘கார்த்தூமுக்கு இத்தனை லட்சம் பேர் திரும்பினர்’ என்று படித்தால், அந்த எண்ணை 35 லட்சத்திலிருந்து அப்படியே கழித்துவிடாதீர்கள். அறிக்கையின் கீழே, அது குடும்பத்தை எண்ணியதா ஆளை எண்ணியதா, திரும்பியவர் சொந்த வீட்டில் இருக்கிறாரா வேறோர் வீட்டில் இருக்கிறாரா, எந்தத் தேதி நிலவரம் என்று மூன்றையும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும்.